பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை: படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே கல்வி உதவியை இழக்கவைக்கும் தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் என்பதால், என்னிடம் படித்த பிள்ளைகள் மட்டுமல்ல, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் அப்பாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "சார், எந்த பிராஞ்ச் எடுத்தா வேலை கிடைக்கும்?" என்பதைத்தான். "எந்தப் படிப்பில் சேர்ந்தால் அரசு என்ன உதவி தரும்?" என்று கேட்பவர் அபூர்வம். கேட்கும் சிலரும் எங்கோ பணத்தைக் கட்டிவிட்டு வந்துதான் கேட்கிறார்கள். இது எங்கள் தலைமுறையில் வீட்டுக்கு வீடு நடந்தது, இத்தனை திட்டங்கள் வந்த பிறகும் நடக்கிறது.

வங்கிக் கணக்கில் ஆதாரை இணைக்காதது, வருமானச் சான்று காலாவதியானது, பெயரில் இன்ஷியல் மாறியது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை இ-சேவை மையத்துக்கு நான்கு முறை அலைந்தாவது சரிசெய்துவிடலாம். படிப்பையும் அதில் சேரும் வழியையும் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடும் தவறுகளை, பிறகு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் சரிசெய்ய முடிவதில்லை.

கலந்தாய்வுக்கு முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வருகிறது. தடுக்கக்கூடிய இழப்புகளில் இதுதான் மிகப் பெரியது.

பொறியியல் படிப்பையே எடுத்துக்கொள்வோம். சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரி ஒன்றில் 65 சதவீத இடங்கள், தமிழக அரசு நடத்தும் கலந்தாய்வில் நிரப்பப்படும் அரசு ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. மீதி 35 சதவீதம் நிர்வாகத்துக்கு. சிறுபான்மைக் கல்லூரியில் இது பாதிக்குப் பாதி. இரண்டு வழியில் வந்தவர்களும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறார்கள், ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், ஒரே பட்டத்தைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அரசு தரும் பெரிய உதவிகள் கலந்தாய்வில் வந்தவர்களுக்கே கிடைக்கும்.

முதல் பட்டதாரி சலுகை 2010-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர் என்று குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் போதும், வருமான வரம்பு கிடையாது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம் நெடுநாளாக 50,000 ரூபாய். என்பிஏ (பிரிவுகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் 55,000. இதில் 25,000 ரூபாயை அரசே கட்டிவிடும், நான்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் மிச்சம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை இல்லை. கலந்தாய்வுக்குள் வராத நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இல்லை.

இதைவிடப் பெரியது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021-லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. வீட்டுக்குப் படிப்புச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

எங்கள் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. மே மாதத்தில் மதிப்பெண் வந்த அடுத்த வாரமே ஒரு கல்லூரியின் ஆள் வீடு தேடிப் போயிருக்கிறார். "கட்-ஆஃப் கம்மி, கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, ரெண்டு நாள்ல சீட்டு ஃபுல் ஆயிடும், ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தந்துடுவோம்" என்று சொல்லியிருக்கிறார். வட்டிக்கு வாங்கி 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டார் அப்பா. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஜூலையில் என்னிடம் வந்தபோது பதிவு முடிந்துவிட்டது. அந்த ஆண்டு அவளைவிடக் கட்-ஆஃப் குறைந்த அவள் வகுப்புத் தோழி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அதே கல்லூரியில், அதே பிரிவில் ஒரு ரூபாய் கட்டாமல் சேர்ந்தாள். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போய் வந்தார்கள். அந்த அப்பா இரண்டு ஷிஃப்ட் தறி ஓட்டிக் கட்டணம் கட்டினார்.

"பின்னாடி கோட்டாவை மாத்திக்கலாமா சார்?" என்று கேட்டார். முடியாது. இந்தச் சலுகைகள் கலந்தாய்வில் கிடைக்கும் ஒதுக்கீட்டு ஆணையோடு சேர்ந்து வருபவை. கல்லூரிக்குள் போன பிறகு முதல்வரோ தாளாளரோ நினைத்தாலும் கொண்டுவர முடியாது. "ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்" என்று யார் சொன்னாலும், எந்தத் திட்டம், எந்த ஒதுக்கீடு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையிலும் இதே கதைதான். குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருந்தால் கட்டாயக் கட்டணங்கள் திரும்பக் கிடைக்கும் திட்டம் இது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை 2018-இல் விலக்கிவிட்டது. அதற்கு முன் படித்த அண்ணன்மார் சொல்வதை நம்பி இன்றைக்கும் சேர்கிறார்கள்.

கட்-ஆஃப் குறைவு என்ற பயத்துக்கும் மருந்து இருக்கிறது. கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. உங்கள் வகுப்புவாரிப் பிரிவைப் பார்த்து ஒப்பிடுங்கள். 7.5 சதவீதத்துக்குத் தனி வரிசை என்பதால் அங்கே கட்-ஆஃப் இன்னும் இறங்கும். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடியும்போது ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. அப்புறம் ஏன் மே மாதத்தில் ஓட வேண்டும்?

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளவும் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதி. ஆனால் ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது, அந்தத் தொகைக்கு வங்கியும் கடன் தராது. அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, கலந்தாய்வுப் பதிவு திறந்திருந்தால் உடனே பதியுங்கள். போன 50,000 ரூபாயைவிட வரவிருக்கும் நான்கு ஆண்டு பெரியது.

பிரிவின் அங்கீகாரத்தைப் பார்க்காமல் கல்விக்கடனை நம்புவது

கல்விக்கடன் கிடைப்பது வேறு, அதற்கு வட்டி மானியம் கிடைப்பது வேறு. குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்தால் படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது. இது தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மட்டும். பி.ஏ., பி.எஸ்சி. படிக்கக் கடன் வாங்குபவர்கள் இதை எதிர்பார்க்கக் கூடாது. கல்லூரிக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரமோ, சேரும் பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரமோ இருக்க வேண்டும் என்பது 2018 ஏப்ரல் முதல் நிபந்தனை.

இங்கேதான் பிரிவுத் தேர்வு வந்து இடிக்கிறது. நாக் கல்லூரி முழுவதற்கும் தருவது, என்பிஏ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. இரண்டு அணி மாணவர்களாவது படித்து முடித்து வெளியே போன பிரிவுதான் என்பிஏவுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆக, நாக் இல்லாத ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவுக்கு என்பிஏ இருக்கலாம், போன வருடம் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இருக்க வழியே இல்லை. வாசலில் பெரிய பலகையில் "என்பிஏ அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருப்பார்கள். எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்டுப் பாருங்கள். பெயரைக் கேட்டு மயங்கிப் புதுப் பிரிவில் சேர்ந்த பிள்ளைகளின் வீட்டில், படிப்பு முடிவதற்குள் வட்டியே ஒரு தனிக் கடனாக நிற்கிறது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் 8,00,000 ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி உண்டு. அதுவும் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டும், தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அங்கும் நிர்வாக ஒதுக்கீடு கணக்கில் வராது.

நடுவில் விட்டுவிட்டு வேறு படிப்புக்குப் போவது

முதலாண்டு பி.எஸ்சி. படித்துவிட்டு, "பிடிக்கல சார், அடுத்த வருஷம் இன்ஜினியரிங் போறேன்" என்று வருபவர்கள் இருக்கிறார்கள். பதினெட்டு வயதில் மனம் மாறுவது இயல்பு, நான் தடுப்பதில்லை. மாறும் முன் கணக்கைப் பார்க்கத்தான் சொல்கிறேன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிப்படி ஆண்டின் நடுவே படிப்பை நிறுத்தினால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்கலாம். முன் அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம். கல்விக்கடன் வட்டி மானியமும் நடுவில் நிற்பவர்களுக்குக் கிடையாது, மருத்துவக் காரணத்தைச் சான்றோடு நிரூபித்தால் மட்டும் விலக்கு.

மாறத்தான் வேண்டும் என்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன், உதவித்தொகைப் பிரிவில் எழுத்தராக இருப்பவரிடம் போய் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிலையில் இன்னொரு பட்டம்

பி.ஏ. முடித்துவிட்டு பி.காம்., எம்.ஏ. முடித்துவிட்டு வேறொரு எம்.ஏ. என்று போனால் போஸ்ட் மெட்ரிக் உதவி வராது. வட்டி மானியமும் இளநிலைக்கோ முதுநிலைக்கோ ஒரே முறைதான். எதற்குப் பயன்படுத்துவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

தொலைநிலைக் கல்வி

உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் என்ற இரண்டு அரசுத் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் இதில் சேர்ந்தால் கிடைக்காது.

கலந்தாய்வு பாஸ்வேர்டைக் கல்லூரிக்காரரிடம் தருவது

தராதீர்கள். ஓடிபியையும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது ஒருவரை மட்டும் யோசிப்பது

முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே. இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. மூத்தவர் இந்தச் சலுகையே தேவைப்படாத அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்து மூன்றாண்டில் பட்டம் வாங்கிவிடுகிறார். அடுத்த ஆண்டு இளையவர் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேரும்போது வீட்டில் ஒரு பட்டதாரி வந்துவிட்டார், சலுகை யாருக்கும் பயன்படாமல் போய்விட்டது. இதற்காக மூத்தவரின் படிப்பை மாற்றச் சொல்ல மாட்டேன். இளையவருக்கு 7.5 சதவீதம் கிடைக்குமா, அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

சலுகைக்கு உரியவர் மே மாதத்திலேயே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். குடும்ப உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் கல்வி விவரத்தையும் கேட்பார்கள், தாத்தா பாட்டியின் விவரம் உட்பட. கையில் சான்றிதழ் இருந்தால் போதாது, கலந்தாய்வு விண்ணப்பத்திலும் முதல் பட்டதாரி என்று குறித்து அதைப் பதிவேற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று டிக் செய்துவிட்டுக் கல்லூரியில் போய்ச் சான்றிதழை நீட்டும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருகிறார்கள்.