வீட்டில் தமிழ் பேசும் பெங்களூரு பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவது எப்படி

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பெங்களூரு தமிழ்ப் பிள்ளையின் முன்னால் 'அணில், ஆடு, இலை' படம் போட்ட அரிச்சுவடியை வைத்தீர்கள் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது வகுப்பு பக்கமே வராது. வந்தாலும் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல்தான் வரும். பாட்டியோடு தமிழில் மல்லுக்கு நிற்கத் தெரிந்த, சீரியலை ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொள்கிற பிள்ளை அது. அதற்குத் தெரியாதது எழுத்தும் எழுத்துத் தமிழும் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

இது நமக்கு மட்டும் உள்ள விவகாரம் இல்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கென்று தனி ஸ்பானிஷ் வகுப்பே இருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்களோடு அவர்களை உட்கார வைத்தால் பேச்சில் சலிப்பு, இலக்கணத்தில் குழப்பம், இரண்டுமே நடக்கும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் குவாடலூப்பே வால்டெஸ் இப்படிப்பட்ட மாணவர்களைப் பற்றி எழுதும்போது, பேசுகிறவர்களை மட்டுமல்ல, காதில் விழுந்தால் புரிந்துகொள்கிறவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். நம் அபார்ட்மெண்ட் வகுப்புகளில் அந்த இரண்டாவது ரகம்தான் அதிகம்: நாம் தமிழில் கேட்போம், பதில் இங்கிலீஷில் வரும்.

ஆகவே முதல் நாள் பரீட்சை வேண்டாம். போன வாரம் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும். அப்புறம் ஒரு கடைப் பலகையின் படத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். யார் சரளமாகப் பேசுகிறார், யாருக்குப் புரிகிறது ஆனால் வாய் வரவில்லை, யார் ஐந்தாவது வரை சென்னையில் படித்துவிட்டு வந்தவர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவர்களைப் பிரிக்காமல் கலந்தே உட்கார வையுங்கள்.

எழுத்துக்கு வருவோம். பள்ளியில் கன்னடம் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கன்னடம் வழியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் குறுக்கு வழி. உயிரெழுத்து வரிசை கிட்டத்தட்ட அதேதான். இந்தியில் இல்லாத குறில் எகரமும் ஒகரமும் கன்னடத்தில் இருக்கின்றன, அதனால் 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் என்ன வித்தியாசம் என்று மூச்சு வாங்க விளக்க வேண்டியதில்லை. மாட்டிக்கொள்கிற இடம் வேறு. கன்னடத்தில் க வரிசையில் நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே ஒன்று. 'இதை எப்ப எப்படிப் படிக்கணும், எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பலகையில் மூன்றே சொற்களை எழுதுங்கள்: அக்கா, தங்கை, பகல். மூன்றையும் அவர்களையே சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். இரட்டித்தால் அழுத்தம், மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் இன்னும் தேய்ந்துவிடும். அப்படியே பட்டம், வண்டி, படம். பச்சை, பஞ்சு, பசி. அவர்கள் வாய் ஏற்கெனவே சரியாகத்தான் சொல்கிறது, விதி தானாக அமைந்துவிடும். வடமொழிச் சொல்லும் இங்கிலீஷ் சொல்லும் இதற்குள் அடங்காது, அதை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ழகரத்துக்காகப் பிள்ளைகளின் உயிரை வாங்காதீர்கள். பழைய கன்னடத்திலும் ழவும் றவும் தனி எழுத்துகளாக இருந்து பிறகு வழக்கொழிந்தன என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். உச்சரிப்பு மெல்ல வரட்டும், எழுதும்போது சரியாக எழுதினால் போதும்.

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம், பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகிற பாலம். நேராகப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் 'வந்தார்கள்', 'சென்றுகொண்டிருந்தது' என்று வருவதைப் பார்த்துவிட்டு இது வேறு ஏதோ மொழி என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதனால் அவர்கள் பதிவு செய்த பேச்சையே எடுங்கள். ஒரு நிமிடப் பேச்சை, பேசினது பேசினபடி, கொச்சையோ கன்னடக் கலப்போ எதையும் திருத்தாமல் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். போனில் தமிழ் விசைப்பலகையில் தட்டினாலும் சரிதான். எப்படியும் அவர்கள் வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு 'saptiya' ரகத்தில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த வாரம் அதே பத்தியைப் பக்கத்தில் எழுத்துத் தமிழில் எழுத வேண்டும்.

அப்போதுதான் சுவாரசியமே. படிச்சேன் – படித்தேன், அடிச்சேன் – அடித்தேன், வெச்சேன் – வைத்தேன் என்று ஒரு பத்து ஜோடி சேர்ந்ததும் யாராவது ஒரு பிள்ளை 'ச்ச வர்ற இடத்துல த்த போடணும்' என்று கண்டுபிடிக்கும். உடனே இன்னொன்று 'அப்ப பச்சை பத்தை ஆகுமா?' என்று கேட்கும், கேட்கட்டும். வினையின் இறந்தகாலத்தில் மட்டும்தான் இந்தக் கணக்கு என்பதை அந்தக் கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம். எல – இலை, எடம் – இடம், ஒடம்பு – உடம்பு, கொட – குடை என்பது அடுத்த கூட்டம். 'பேச்சு தப்பு, எழுத்து சரி' என்று மட்டும் எந்த இடத்திலும் சொல்லாதீர்கள். வீட்டில் பேசுகிறபடி எழுதினால் மார்க் போகும், எழுதுகிறபடி வீட்டில் பேசினால் தம்பி சிரிப்பான். எது எங்கே என்று தெரிந்தால் போதும். 'சக்கத்தா இருந்துச்சு' (பிரமாதமாக இருந்தது) என்பது பெங்களூருத் தமிழ், அதை இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது.

மரியாதைப் பேச்சைத் தனியாகப் பழக்க வேண்டும். வீட்டில் 'வா, போ' மட்டுமே காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை ஊரிலிருக்கும் பெரியப்பாவிடம் போனில் 'நீ எப்ப வர்ற?' என்று கேட்டு, அம்மா தலையில் அடித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திப் பேச வையுங்கள்: ஒருவர் பெரியப்பா, ஒருவர் லீவுக்கு ஊருக்குப் போகப் பஸ் நேரம் கேட்கிறவர். பார்க்கிற எல்லோரையும் ஆன்ட்டி, அங்கிள் என்று முடித்துவிடுவதால் அத்தை, சித்தி, பெரியம்மா யார் யார் என்பதே பலருக்கு மங்கலாக இருக்கும். கன்னடத்தின் சிக்கப்பா (சித்தப்பா), தொட்டப்பாவை (பெரியப்பா) துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

பண்பாடு என்றதும் கோலம், பொங்கல் பானை என்று இறங்கிவிடாதீர்கள், அது வீட்டிலேயே கிடைக்கிறது. ஊரைக் காட்டுங்கள். தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, அவற்றில் அந்த ஊரின் பெயர் தொம்பலூர். இந்த வட்டாரக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் என்ற கல்வெட்டு ஆய்வாளர் 1905இல் எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் 9ஆம் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார், இணையத்தில் கிடைக்கிறது. முன்கூட்டியே அதிலிருந்து நான்கு வரி எடுத்துப் படித்துவிட்டுக் கூட்டிப்போங்கள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலுள்ள வள்ளுவர் சிலை 1991இல் வைக்கப்பட்டு 2009 ஆகஸ்ட் வரை மூடியே கிடந்தது. அது திறந்த அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஏன் இத்தனை வருடம், ஏன் இரண்டு சிலை என்று பிள்ளைகளே தேடிப்பிடித்துப் பேசட்டும், மழுப்ப வேண்டாம். சர்வக்ஞரின் மூன்றடிப் பாட்டு அவர்களுக்குக் கன்னடப் பாடத்தில் வந்திருக்கும். ஒரே விஷயத்தைச் சொல்கிற குறள் ஒன்றைத் தேடி இரண்டையும் பக்கத்தில் வைக்கச் சொல்வது பதினொன்றாம் வகுப்புக்காரர்களுக்கு நல்ல வேலை.

அடுத்து, பெரியவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் கொள்ளுத்தாத்தா கண்டோன்மெண்ட்டில் கடை வைத்தவராக இருப்பார், இன்னொரு வீட்டில் தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கினவர், 2001இல் அது மூடிய பிறகு அப்பா தினமும் ரயிலில் பெங்களூரு வந்துபோனவர், மூன்றாவது வீடு ஐடி வேலைக்காக வந்தது. கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு போக வேண்டும், பதிலைப் பேச்சுத் தமிழிலேயே எழுதி வர வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மூன்று வாரம் கொடுக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தமிழில் தப்பாகப் பேசும்போது விருந்தாளிகள் முன்னால் சிரிக்காதீர்கள். அப்படிச் சிரித்த வீட்டுப் பிள்ளைகள்தான் இங்கிலீஷுக்குத் தாவுகிறார்கள்.

பரீட்சை எழுதியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: கர்நாடக எஸ்எஸ்எல்சியில் தமிழை முதல் மொழியாக எடுக்க வழி உண்டு, சிபிஎஸ்இயிலும் தமிழ்ப் பாடம் இருக்கிறது, ஆனால் உங்கள் பள்ளி ஒத்துக்கொள்கிறதா என்பதை எட்டாம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளி கைவிரித்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். எதுவாக இருந்தாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் உங்கள் வகுப்புக்கு வர மாட்டார்கள், அதற்குத் தக்கபடி ஜூனிலேயே பாடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.