398 பெரிதா, 412 பெரிதா?

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், 412-ஐ விட 398தான் பெரிது என்று அடித்துச் சொன்னாள். ஆனால் 345, 367 என்று கொடுத்தால் விடை சரியாக வரும். அதுதான் குழப்பியது.

முதலை வாய் பெரிய எண்ணைப் பார்த்துத் திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தோம். <, > குறியை அழகாகப் போட்டாள், தப்பான பக்கம். அல்சூர் கடையில் வாங்கிய பயிற்சிப் புத்தகமும் தீர்ந்தது, பலனில்லை.

அப்புறம்தான் பென்சில் முனையைக் கவனித்தேன். அது ஒன்றுகளின் பக்கமிருந்து இடப்பக்கம் போனது. கூட்டலுக்கு அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள்! 2-ஐ விட 8 பெரிது என்றதுமே தீர்ப்பு முடிந்துவிட்டது.

கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் இலக்கமாக, இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்று எழுதி, பழைய கல்யாணப் பத்திரிகையால் மூடினேன். அதை வலப்பக்கமாக நகர்த்தினால் முதலில் நூறுகள் மட்டும் தெரியும். 3, 4. "நாலுதான்பா பெரிசு." அங்கேயே நிறுத்தம். இலக்கங்கள் சமமாக இருந்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும்.

98, 102 கொடுத்தபோது, நூறின் கட்டம் காலி என்று அவளே காட்டினாள். ஒன்று மட்டும்: ஒன்றுகள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இடப்பக்கம் ஒட்டி எழுதினால் 98-இல் உள்ள 9 நூறுகளின் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும்.