ஈர மணலில் மெட்டல் டிடெக்டர் ஏன் அலறுகிறது?

தனுஷ்கோடிப் பக்கம் காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்த டிடெக்டர், அலை நனைத்த இடத்துக்கு வந்ததும் காரணமே இல்லாமல் கத்தும். கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். உப்புநீர் மின்சாரம் கடத்தும், அதையே கருவி உலோகமாக நினைத்துக்கொள்கிறது. கருமணல் வேறு சங்கதி, அதிலுள்ள மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள்தான் வம்பு. சின்னக் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள், கருப்புப் பொடி அப்பினால் அதுதான்.

முதலில் உலோகம் இல்லாத ஓர் இடம் பார்த்து, காயிலை (கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டு) மேலும் கீழும் அசைத்து, சத்தம் சீராகும் வரை கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் சிக்னலைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்யுங்கள். ஈரத்திலிருந்து காய்ந்த மணலுக்கு மாறினால் மறுபடியும் செய்யத்தான் வேண்டும், சோம்பல் படாதீர்கள். அப்புறம் சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறையுங்கள். முழுசாக வைத்தால் ஆழம் கிடைக்கும் என்பது இங்கே பலிக்காது, இரைச்சல்தான் கூடும். காயிலை மணலிலிருந்து ஓரிரு அங்குலம் உயர்த்தியே பக்கவாட்டில் ஆட்டுங்கள்.

ஒற்றை அதிர்வெண் கருவி கடலோரத்துக்கு லாயக்கில்லை, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் தேடும் மல்டி பிரீக்வென்சி வாங்குங்கள். பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவி (விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பித் தேடுவது) இன்னும் ஆழம் போகும், ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்லாது. 1964 புயல் ரயிலையே அடித்துப்போன கரையில் துருப்பிடித்த ஆணிகளாகவே தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

பழங்காசு ஏதாவது சிக்கினால் கலெக்டரிடம் தெரிவித்துவிடுங்கள், 1878 புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.