குளிர்காலக் கடலுக்கு முதல் வெட்சூட்: குறைந்த செலவில் சரியானதை வாங்குவது எப்படி?

கோவளத்திலோ அறுகம்பேயிலோ அரைக்கால் சட்டையும் ராஷ் கார்டு எனும் மெல்லிய நீச்சல் பனியனுமாக சர்ஃபிங் பழகியவர்களுக்கு, இங்கிலாந்தின் கார்ன்வால் கரை பிப்ரவரியில் வேறொரு விளையாட்டாகவே தெரியும். தண்ணீர் 9, 10 டிகிரி செல்சியஸில் நிற்கும். காற்றும் சேர்ந்துகொண்டால், சரியான உடை இல்லாதவர் கால் மணி நேரத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுவார். நியூகே, பொல்ஸெத், டெவனின் கிராய்ட் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்காக இந்த விளக்கம். வெட்சூட் என்பது குளிர்ந்த நீரில் போடும், உடலோடு ஒட்டிய ரப்பர் உடை. விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. ஆனால் காசை எந்த இடத்தில் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். வெட்சூட் செய்யப்படும் நியோபிரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த ரப்பர் நுரை. உடல் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பவை அந்தக் குமிழிகள்தான். "உள்ளே புகும் தண்ணீர் சூடாகி நம்மைக் காக்கும்" என்று பலரும் சொல்வார்கள். அந்தத் தண்ணீரைச் சூடாக்குவதும் உங்கள் உடம்புதானே! அது வெளியேறி புதுத் தண்ணீர் வந்தால் மறுபடி முதலிலிருந்து சூடாக்க வேண்டும். ஆகவே குளிர்கால வெட்சூட்டில் தண்ணீர் எவ்வளவு குறைவாக உள்ளே வருகிறதோ அவ்வளவு நல்லது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அளவுகோல்.

படி 1: எந்த மாதம், எந்தக் கரை?

வெட்சூட்டில் 5/4/3 என்று எழுதியிருந்தால் மார்பு, முதுகுப் பகுதி 5 மி.மீ., கால்கள் 4 மி.மீ., கைகள் 3 மி.மீ. தடிமன் என்று பொருள். 5/4 என்றால் உடல் 5, கை கால்கள் 4. நீரின் வெப்பநிலையை வைத்துத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்:

- 14 முதல் 17 டிகிரி: 3/2
- 11 முதல் 14 டிகிரி: 4/3
- 8 முதல் 11 டிகிரி: 5/4 அல்லது 5/4/3
- 8 டிகிரிக்குக் கீழே: தலையை மூடும் ஹூட் சேர்ந்தே வரும் 6/5 அல்லது 6/5/4

இங்கே பலர் சறுக்குவது நவம்பரில். அப்போது கார்ன்வால் கடல் இன்னும் 13 டிகிரி அளவில் இருக்கும். 4/3 போதும் போலிருக்கும், வாங்கிவிடுவார்கள். கடல் மெதுவாகத்தான் ஆறும். ஆண்டின் மிகக் குளிர்ந்த நீர் டிசம்பரில் அல்ல, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான் வரும். ஆகவே ஒரே ஒரு குளிர்கால உடை என்றால் 5/4 வாங்குங்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், டைன்மத், சால்ட்பர்ன் பக்கம் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே நீர் 5, 6 டிகிரி வரை இறங்கும்.

படி 2: தையலைப் பாருங்கள், பிராண்டை அப்புறம் பார்க்கலாம்

விலைச் சீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது தையல். மலிவான உடையில் பிளாட்லாக் தையல் இருக்கும். உள்ளும் புறமும் தண்டவாளம் போல அகலமான நூல் வரிசை ஓடுவதை வைத்து அதை அடையாளம் காணலாம். ஊசி ரப்பரை முழுவதுமாகத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். பலகையில் படுத்துக் கையாலேயே துடுப்புப் போடும்போதெல்லாம் அந்தத் துளைகள் விரிந்து தண்ணீரை உள்ளே விடும். கோடைக்கால 3/2 உடையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 10 டிகிரி நீரில் பிளாட்லாக் தைத்த 5 மி.மீ. உடையைவிட, நன்றாக மூடிய தையலுள்ள 4 மி.மீ. உடையே கதகதப்பாக இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஜிபிஎஸ் (GBS) எனப்படும் பசையிட்ட பிளைண்ட்ஸ்டிட்ச் தையல். இரண்டு ஓரங்களையும் முதலில் பசையால் ஒட்டி, பிறகு வளைந்த ஊசியால் ரப்பரின் பாதித் தடிமன் வரை மட்டும் தைப்பார்கள். மறுபக்கம் ஊசி வெளிவராது, துளை இல்லை. அதற்கு மேல் உட்புறம் டேப் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. நடுத்தர விலையில் பெரும்பாலும் அக்குள், கவட்டை போல நாலைந்து தையல்கள் சந்திக்கும் இடங்களில் மட்டும் சிறு டேப் துண்டு இருக்கும். தொடக்கத்துக்கு அது போதும். தையல் முழுக்க ரப்பர் திரவம் பூசியவை விலை ஏறியவை, இப்போது வேண்டாம்.

கடையில் பார்க்கும் முறை: உடையின் உட்புறத்தை வெளியே திருப்புங்கள். இரு கட்டைவிரல்களாலும் தையலின் இருபுறமும் பிடித்து மெதுவாக இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். ஊசித்துளை வழியே ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

"5 மி.மீ." என்று பார்த்ததும் ஏமாற வேண்டாத இன்னும் இரண்டு உண்டு. ஸ்கூபா டைவிங் உடை தோளில் போதிய நெகிழ்ச்சி இல்லாதது; பத்து முறை துடுப்புப் போடுவதற்குள் கை சோர்ந்துவிடும். டிரையத்லான் நீச்சல் உடையின் வழவழப்பான வெளிப்புறம் பலகையிலும் அதன் மேல் பூசும் மெழுகிலும் உரசிக் கிழியும். இரண்டும் பயன்படுத்திய பொருள் விற்கும் தளங்களில் "வெட்சூட்" என்ற ஒரே பெயரில் மலிவாகக் கிடக்கும்.

படி 3: அளவு

எத்தனை பவுண்டு கொடுத்தாலும் அளவு தவறினால் உடை வீண். உள்ளே காலியிடம் இருந்தால் அது தண்ணீர்ப் பை. கற்றுக்கொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தேர்ந்தவர் பெரும்பாலான நேரம் பலகையில் உட்கார்ந்திருப்பார். நீங்களோ இடுப்பளவு நீரில் நின்று, குதித்து, நிமிடத்துக்கொரு முறை விழுந்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு விழுதலிலும் கழுத்து வழியே குளிர்ந்த நீர் இறங்கப் பார்க்கும்.

உயரம், மார்பு, இடுப்பு, எடை நான்கையும் அளந்து அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள். ஒரு பிராண்டின் எம் இன்னொன்றின் எம் ஆகாது. நம்மவர்களில் மார்பளவு எம்முக்குப் பொருந்தி உயரம் 165, 170 செ.மீ. இருப்பவர்கள் நிறைய. அவர்கள் எம்எஸ், அதாவது குட்டையான மீடியம், இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மெலிந்த உடல்வாகு என்றால் சிறுவர் பிரிவில் 16 வயதுக்கான அளவையும் போட்டுப் பாருங்கள். அதே தடிமனில் விலை குறைவாக இருக்கும்.

முதல் முறை போட்டுக்கொள்ளப் பத்து நிமிடம்கூட ஆகலாம், பயப்படாதீர்கள். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கணுக்காலைச் சரிசெய்து, முழங்காலைச் சரிசெய்து, கவட்டை வரை நன்றாக ஏற்றிய பிறகே மேலுடம்புக்குப் போக வேண்டும். நகத்தால் கிள்ளி இழுக்காதீர்கள், விரல் சதையால் பிடியுங்கள். புது வெட்சூட்டில் பிறை வடிவக் கிழிசல் இருந்தால் அது நகம் பட்டதுதான்.

போட்டு முடித்ததும்:

- நேராக நின்று முதுகின் கீழ்ப்பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் தோலை விட்டுத் தூக்கி நின்றால் அளவு பெரிது. பெரும்பாலான தவறான அளவுகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.
- இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கவட்டையிலோ தோளிலோ பலமாக இழுத்தால் உடல் நீளம் போதவில்லை.
- குத்துக்காலிட்டு உட்காருங்கள். முழங்காலின் பின்னால் மடிப்பு சிறிது வரலாம், கொத்தாகக் குவியக் கூடாது.
- கழுத்தில் ஒரு விரல் இறுக்கமாக நுழைய வேண்டும். மூச்சை முழுதாக இழுக்க முடிய வேண்டும்.
- அரை நிமிடம் துடுப்புப் போடுவது போலக் கையைச் சுழற்றுங்கள்.

காய்ந்த நிலையில் "கொஞ்சம் அதிகமாகவே இறுக்கம்" என்று தோன்றினால் அது பெரும்பாலும் சரியான அளவு. நனைந்த பின் சற்றே தளரும். கால் மட்டும் நீளமாக இருந்தால் அதற்காக உடையைத் திருப்பித் தர வேண்டாம். கணுக்காலில் இரண்டு மூன்று செ.மீ. நேராக வெட்டிவிடலாம், நூல் பிரியாது. வெட்டிய தையல் முனையில் மட்டும் நியோபிரீன் பசை ஒரு சொட்டு வைத்துவிடுங்கள்.

இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று தெரிவிக்கும் உரிமை இங்கிலாந்தில் சட்டப்படி உண்டு. சந்தேகம் இருந்தால் இரண்டு அளவுகளை வரவழைத்து, வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள். குறிச்சீட்டைக் கழற்றாதீர்கள்.

படி 4: ஜிப், உள்துணி, வெளிப்புறம்

முதுகு ஜிப் மலிவு, போடுவதும் கழற்றுவதும் எளிது. குனியும்போது விறைப்பாக இருக்கும், கழுத்து வழியே நீர் சற்று அதிகம் கசியும். மார்பு ஜிப்பில் கசிவு குறைவு, விலை கூடுதல், போடப் பழக்கம் வேண்டும். பணம் இடித்தால் முதுகு ஜிப்பே எடுங்கள், ஆனால் ஜிப்புக்குப் பின்னால் தண்ணீரைத் தடுக்கும் உள்மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மார்பிலும் முதுகிலும் பஞ்சு போன்ற தெர்மல் உள்துணி இருந்தால் அது உண்மையிலேயே பயன் தருவது. சீக்கிரம் காயவும் செய்யும். வெளிப்புறத்தில் வழவழப்பான ரப்பர் மார்பு, காற்றில் வெப்பத்தைக் காக்கும். துணி ஒட்டிய மார்பு அதிக நாள் உழைக்கும். கற்றுக்கொள்பவர் பலகையில் விழுந்து எழும் வேகத்துக்கு இரண்டாவதே நல்லது.

படி 5: பணத்தைப் பிரிப்பது

கையில் 230 பவுண்டு இருந்தால் முழுவதையும் உடைக்கே கொட்டக் கூடாது. எங்கள் பங்கீடு: உடை 150, பூட்ஸ் 35, கையுறை 25, ஹூட் 20. 220 பவுண்டு உடை போட்டு வெறுங்காலோடு போகிறவர்தான் முதலில் கரையேறுவார்.

150 பவுண்டில் ஜிபிஎஸ் தையல் போட்ட 5/4 கிடைக்க, கடந்த ஆண்டு மாடலைத் தேடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறுவது பெரும்பாலும் நிறமும் எழுத்தும்தான். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி ஒரு வாய்ப்பு. மார்ச், ஏப்ரலில் குளிர்காலச் சரக்கை ஒழிப்பது இன்னொன்று. அப்போது விலை நன்றாக இறங்கும், ஆனால் நடுத்தர அளவுகள் முதலில் தீர்ந்துபோகும். தென்மேற்கு இங்கிலாந்திலேயே வேரூன்றிய சி-ஸ்கின்ஸ், கல், ஆல்டர் ஆகியவற்றையும், டெக்கத்லான் கடையின் சொந்த வரிசையையும், ஓ'நீல், ரிப் கர்ல் போன்ற பெரிய பெயர்களின் கீழ்நிலை மாடல்களையும் ஒரே விலையில் அருகருகே வைத்து, படி 2-இன்படி தையலைப் பாருங்கள். பெரிய பெயரின் கடைசி மாடலைவிடச் சிறிய பெயரின் நடு மாடல் பல சமயம் ஜெயிக்கும்.

குளிர்காலத்தில் இரண்டு மூன்று முறைதான் போவீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம். சர்ஃப் பள்ளிகளில் பாடக் கட்டணத்திலேயே வெட்சூட்டும் சேர்ந்திருக்கும்.

படி 6: பயன்படுத்தியது வாங்கினால்

நல்ல உடை பாதி விலைக்குக் கிடைக்கும் வழி இது. குப்பை கிடைக்கும் வழியும் இதுதான். நேரில் போய்ப் பாருங்கள். முழங்கால், பிட்டம், அக்குள் மூன்றையும் இரு விரல்களுக்கிடையே அழுத்துங்கள். பஞ்சு போல எழும்பாமல் காகிதம் போலத் தட்டையாக இருந்தால் குமிழிகள் நசுங்கிவிட்டன. தடிமன் சீட்டில் மட்டும்தான் இருக்கும். இழுத்தால் நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் தெரிந்தாலோ ரப்பர் காய்ந்துவிட்டது, அதைச் சரிசெய்ய முடியாது.

சிறு கிழிசலுக்குப் பயப்பட வேண்டாம். பிளாக் விட்ச் போன்ற நியோபிரீன் பசையை இரு ஓரங்களிலும் மெல்லிதாகப் பூசி, சில நிமிடம் உலர விட்டு, இரண்டாவது பூச்சும் பூசி, தொட்டால் லேசாக ஒட்டும் பதத்தில் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் ஒட்டாது. பலரும் செய்யும் தவறு அதுதான். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால், உடையின் கால் முனைகளை இறுகச் சுருட்டிப் பிடித்து உள்ளே காற்றை அடைத்து, வெளியே சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள்.

படி 7: பூட்ஸ், கையுறை, ஹூட்

பூட்ஸ் 5 மி.மீ., கால்விரல் முனையில் இடைவெளி இல்லாமல். வெட்சூட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே இறங்க வேண்டும். உள்ளே செருகினால் பூட்ஸ் வாளி போல நிரம்பும். கையுறைக்கும் அதே விதி, சட்டைக்கை வெளியே. கையுறை 3 மி.மீ. போதும், 5 மி.மீ. போட்டால் பலகையின் விளிம்பைப் பிடிப்பதே கஷ்டம். தனி ஹூட் வாங்கினால் அதன் கழுத்துப் பட்டையை உடைக்குள் விட்டு, பிறகு ஜிப்பை ஏற்றுங்கள். கழுத்துக் கசிவு பாதி அடங்கிவிடும். குளிர்ந்த நீரும் காற்றும் ஆண்டுக்கணக்கில் காதில் பட்டால் காதுத்துளையில் எலும்பு வளரும் என்பதும் ஹூட்டுக்கு ஒரு காரணம்.

படி 8: முதல் நாள்

கரையோரம் இடுப்பளவு நீரில் நின்று மெதுவாகக் கழுத்து வரை அமிழுங்கள். குளிர்நீர் பட்டதும் மூச்சு திணறி வேகமாக வாங்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். அதுவரை பலகையைப் பிடித்து மிதந்திருங்கள். குளிர்காலத்தில் பெரும்பாலான கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருக்க மாட்டார்கள், தனியாகப் போகாதீர்கள். முதுகில் தொடர்ந்து நீர் இறங்கினால் எந்தப் பக்கமிருந்து என்று கவனித்து வைத்துக்கொண்டு வீட்டில் சோதியுங்கள். பேச்சு குழற, விரல்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தால் உடனே வெளியே வாருங்கள்.

வீடு வந்ததும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, முதலில் உட்புறம் வெளியே தெரிய, இடுப்பில் மடித்துத் தடித்த கம்பியில் நிழலில் போடுங்கள். தோளில் மாட்டினால் நீரின் எடையில் இழுபடும். ஹீட்டர் மேலோ வாஷிங் மெஷினிலோ போட்டால், படி 2-இல் பார்த்துப் பார்த்து வாங்கிய பசை முதலில் விடும்.