பாலை விட்டவர்களுக்குக் கொங்குச் சமையலறையில் ஒரு வழி

வீட்டில் ஒருவர் பால், தயிர், நெய், முட்டை, கறி எதுவும் இனி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால், வாக்குவாதத்தைத் தொடங்கும் முன் மருந்துக்கடைக்குப் போய் ஓர் அட்டை வைட்டமின் பி12 மாத்திரை வாங்கி வாருங்கள். நான் சொல்லப்போவதிலேயே முக்கியமானது இதுதான். மற்றதையெல்லாம் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வீடு சென்னிமலைப் பக்கம், தோட்டத்துச் சாளை. கட்டுத்தறியில் கறவை மாடு நிற்கிறது. கோவையில் படிக்கும் என் மகள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, கன்றுக்கு உரியதை இனி நான் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "பாலில்லாமல் தேறிய உடம்பு உண்டா அம்மிணி? இது இயற்கைக்கே ஆகாது" என்றார் என் மாமியார். "வளர்ந்த பிறகும் இன்னொரு உயிரின் பாலைக் குடிப்பதுதான் ஆத்தா இயற்கைக்கு ஆகாதது" என்றாள் அவள். இரண்டு பேருமே இயற்கையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் தோண்டியபோது மணிகளோடும் பானை ஓடுகளோடும் விலங்கு எலும்புகளும் கிடைத்தன. விலங்கிலிருந்து வரும் உணவை முழுதுமாக விலக்கித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி எதையும் நான் அறிந்ததில்லை. இப்படி விலங்குணவு எதையும் தொடாதவர்களைக் குறிக்கும் 'வீகன்' என்ற பெயரே 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் வைத்தது. அந்த வகையில் மாமியார் சொன்னது சரி. ஆனால் உலகத்தில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு, பால் குடிக்கும் வயது கடந்ததும் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோகிறது. வடமேற்கு இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது அதிகம். நம்மில் பலருக்குப் பால் வயிற்றை உப்பச் செய்வதும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வதும் இதனால்தான். அந்த வகையில் மகள் சொன்னதும் சரி. இதற்கு நடுவே, நம் குழம்பில் கிடக்கும் மிளகாயும் தக்காளியும், நாம் ஆட்டும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்தவை. எது இயற்கை என்று பேசிக்கொண்டே போனால் நம் தட்டில் பாதி காலியாகிவிடும். எது குறையும், அதை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால்தான் அடுப்பங்கரையில் அடுத்த வேலை நடக்கும்.

மருத்துவ உலகம் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் உணவியல் வல்லுநர்கள் அமைப்பு 2016இல், சரியாகத் திட்டமிட்டால் வீகன் உணவு எல்லா வயதினருக்கும் ஏற்றது என்றது. 2025இல் வெளியிட்ட புதிய நிலைப்பாட்டைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதில் அடங்கவில்லை. இங்கிலாந்தில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த எபிக் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், கறி உண்பவர்களைவிடச் சைவம் உண்பவர்களுக்கு இதய அடைப்பு நோய் 22 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம். கால்சியமும் புரதமும் குறைந்தது அதற்கு ஒரு பங்கு காரணம், முழுக் காரணமல்ல. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தனக்குப் பிடித்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது.

பி12

இதில் சமரசமே கிடையாது. பி12ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் தீவனத்தில் உள்ள கோபால்ட்டை எடுத்து அதை உண்டாக்குகின்றன. அது பாலுக்கும் கறிக்கும் வந்து சேர்கிறது. நம் பெருங்குடலிலும் அப்படிப்பட்ட நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் பி12ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதைத் தாண்டிய பிறகு உண்டாவதால் நமக்குப் பயனில்லாமல் வெளியேறிவிடுகிறது. மாடு புல்லைத் தின்று வாழவில்லையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நீராகாரத்தில் இருக்கிறது, கழுவாத கீரையில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) கொட்டிக் கிடக்கிறது என்று பலவும் சொல்வார்கள். நீராகாரம் வயிற்றுக்கு நல்லது, தாராளமாகக் குடியுங்கள்; பி12க்காக அதை நம்பாதீர்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். சத்து சேர்த்துச் செறிவூட்டிய அரிசியில் பி12 சேர்ப்பது உண்மைதான். ஆனால் அதற்கான தரவிதி கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்தாலும் 0.3 அளவுதான் தேறும். தேவையோ 2 மைக்ரோகிராமுக்கும் சற்று மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரிசி களையும்போது மிதக்கும் வெளிறிய மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். சத்து சேர்த்த மணிகளே அவைதான். எறியாதீர்கள்.

மாத்திரையின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் இயல்பான வழியில் உறிஞ்சப்படுவது ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான். அதற்கு மேல் போவதில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே சேரும். அதனால்தான் தினமும் எடுப்பவருக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராமும், வாரம் ஒருமுறை எடுப்பவருக்கு 2000 மைக்ரோகிராமும் சொல்கிறார்கள். என் மகள் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்காரி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் மறக்காது என்பதால் நாங்கள் அப்படி வைத்துக்கொண்டோம்.

ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது. ஓரிரு வருடம் எந்தத் தொல்லையும் இருக்காது. "பார், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்ல வைப்பதே இந்த இடைவெளிதான். பிறகு உள்ளங்கால் மரத்துப்போகும், நாக்கு வழவழவென்று சிவக்கும், நடை தடுமாறும், மறதி வரும். கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவருக்கு ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கிடைப்பதால், ரத்தசோகை வெளியே தெரியாமல் நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு நீண்ட நாளாக ஒமிப்ரசோல் சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் குறைவு சீக்கிரம் வரும். எங்கள் மேசைக்கு வரும் குழாய்களில் பாலும் தயிரும் சாப்பிடும் சைவக் குடும்பத்தார் ரத்தமும் பி12 அளவை 200க்கு (மில்லிலிட்டருக்குப் பிகோகிராம்) கீழே காட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே மாமியாருக்கும் பரிசோதனை செய்துவிட்டேன்.

எலும்புக்கு

கால்சியத்துக்கு நம் ஊரில் வழி இருக்கிறது. உழைக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பசும்பால் ஒரு டம்ளரில் சுமார் 240. நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 350. ஆனால் ராகியில் உள்ள ஃபைட்டேட் அதில் ஒரு பங்கைக் கட்டிப்போட்டுவிடும். அதை அவிழ்க்க முளைகட்டுவதே நல்ல வழி. ராகியை இரவு ஊறவைத்து, காலையில் வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்து வையுங்கள். களியும் கிண்டலாம், புளிக்கவைத்துக் கூழும் காய்ச்சலாம்.

அடுத்தது எள். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் மிகக் குறைவு. தோலோடு இருக்கும் கறுப்பு எள்ளே வேண்டும். வெறும் சட்டியில் படபடவென வெடிக்கும்வரை வறுத்து, வரமிளகாய், உப்பு, கொஞ்சம் கறிவேப்பிலை சேர்த்துப் பொடித்தால் விடுதி அறையில் மாதக்கணக்கில் கெடாது. சோற்றிலும் இட்லியிலும் நாளுக்கு இரண்டு கரண்டி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அகத்தியும் முருங்கையும் வாரத்தில் நாலைந்து நாள் வரட்டும். பாலக்கீரையைக் கால்சியத்துக்கு எண்ணாதீர்கள். ஆக்சலேட் அதிகம் இருப்பதால் உடம்பில் சேர்வது மிகச் சொற்பம். இவ்வளவு செய்தும் 1000ஐ எட்டாத நாட்கள் இருக்கும். கால்சியம் சேர்த்த சோயாப் பாலோ, மருத்துவர் சொல்லும் மாத்திரையோ அந்த இடத்தை நிரப்பட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் விற்கும் பாதாம் பாலில் புரதம் மிகவும் குறைவு. சோயாப் பால் புரதத்தில் மாட்டுப்பாலுக்கு அருகில் வரும். பொள்ளாச்சித் தேங்காயில் பிழிந்த பால் சந்தகைக்கு (எங்கள் ஊர் இடியாப்பம்) அமிர்தம். ஆனால் அதில் சொல்லும்படி கால்சியமும் இல்லை, புரதமும் இல்லை. ருசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை

புரதத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அதில் கவலை குறைவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் போதும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். கொள்ளில் நூற்றுக்கு 22, நிலக்கடலையில் 25, உலர்ந்த சோயா உருண்டையில் 50 கிராம் வரை. அரிசியின் புரதத்தில் குறையும் லைசின் என்ற கூறு பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற கூறு அரிசியில் இருக்கிறது. நம் அரிசியும் பருப்பும் சாதத்தில் இரண்டும் ஒரே குக்கரில் வேகின்றன. நெய்க்குப் பதில் செக்குக் கடலெண்ணெய் ஊற்றினால் அது முழு வீகன் உணவு. கொள்ளு வேகவைத்த தண்ணீரை ரசம் வைத்துவிட்டு, வெந்ததைச் சீரகம், பூண்டு, வரமிளகாய் வைத்து ஆட்டினால் இரண்டு வேளைக்கு ஆகும். தட்டைப்பயறும் மொச்சையும் பச்சைப்பயறுக் கடையலும் முறைவைத்து வரட்டும்.

இரும்புச்சத்துக்குச் சொல்ல ஒன்றே ஒன்று: சாப்பாட்டோடு காப்பியும் டீயும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு. இளஞ்சிவப்பு இமாலய உப்புக்கு மாறியவர்கள் திரும்பி வாருங்கள். பாலையும் மீனையும் விட்டவர்களுக்கு அயோடின் கிடைக்க வேறு வழி அதிகம் இல்லை. ஒமேகா-3 கொழுப்புக்கு ஆளிவிதையைப் பொடித்துத் தினம் ஒரு கரண்டி.

வைட்டமின் டி மாத்திரையில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான டி3 ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது. கற்பாசி வகையிலிருந்து (லைக்கன்) எடுத்ததும் கிடைக்கிறது. மருந்து உறையில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறதே என்று மருத்துவர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் விழுங்குங்கள்.

தயிர் இல்லாமல்தான் எங்கள் பக்கத்தில் சாப்பாடு முடியாது. பச்சை நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, மைய அரைத்துப் பிழிந்து, பச்சை வாசனை போகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கழுவிய பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் லேசாக உறையும். இதையே உறையாக எடுத்து ஊற்றும் இரண்டாம் தடவைதான் கெட்டியாக வரும். தாளித்துச் சோற்றில் பிசைந்தால் என் மாமியாரே ஒரு கவளம் அதிகம் சாப்பிடுகிறார்.

யார் பொறுத்திருக்க வேண்டும்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கைக்குழந்தைகள், வளரும் பிள்ளைகள் மருத்துவரைப் பார்க்காமல் இதில் இறங்கவே கூடாது. தாய்க்கு பி12 இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது. குழந்தை தலை நிற்காமல், சிரிப்பு மறைந்து, கைகால் நடுங்க ஆரம்பிக்கும்; நரம்பில் விழுந்த சேதம் சில சமயம் திரும்புவதே இல்லை. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான் இருக்கின்றன, பி12 இல்லை. உயிர்களிடம் உள்ள இரக்கத்தால் பாலை விடும் இளம்பெண்களை நான் மனதார மதிக்கிறேன். அதே இரக்கம் தன் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

தொடங்கும் முன் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பின் அளவு) பாருங்கள். முதல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைத் தொடங்குங்கள். முன்பே விழுங்கிவிட்டால் எண் உயர்ந்து, பழைய குறைவு மறைந்துவிடும். பி12 200க்கும் 300க்கும் நடுவில் வந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் மரத்திருந்தால் எண் எதுவாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள், ஊசியாகப் போட வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.