மர வீட்டின் ஜன்னலில் கை வைக்கும் முன்

சென்ற மாதம் மெல்பர்னின் பிரெஸ்டன் பகுதியில் ஓர் இளம் தம்பதி புதிதாக வாங்கிய வீட்டைப் பார்க்கப் போனேன். 1920களில் கட்டிய வெதர்போர்டு பங்களா; அதாவது, ஒன்றன் மேல் ஒன்று படியும் மரப்பலகைகளே வெளிச்சுவர். வாசலில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் மூன்று பழைய ஜன்னல்கள் கிடந்தன. என் முதல் வீட்டில் நான் செய்த அதே தவறு. அளவெடுக்காமல் மரம் வாங்குவது, மழை நாளில் பெயின்ட் அடிப்பது போன்றவை தவறு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இதையும், பழைய மர வீட்டைப் புதுப்பிக்கும்போது நேரும் வேறு நான்கு தவறுகளையும் சொல்லியே ஆக வேண்டும்.

நல்ல ஜன்னலைப் பிடுங்கி எறிவது

இவ்வீடுகளில் பல ஜன்னல்கள் மேலும் கீழும் நகரும் இரண்டு சட்டங்கள் கொண்டவை. சட்டத்தின் இருபுறமும் கட்டிய கயிறு கப்பி மேல் ஏறி, பக்கப் பெட்டிக்குள் தொங்கும் இரும்புக் குண்டில் முடியும். இரு குண்டுகளும் சேர்ந்து சட்டத்தின் எடைக்கு ஏறக்குறைய ஈடு என்பதால் ஒரு கையால் தூக்கலாம். ஜன்னல் திறக்கவில்லையா? பெரும்பாலும் கயிறு அறுந்திருக்கும், அல்லது அடுக்கடுக்கான பெயின்ட் சட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெயின்டைக் கத்தியால் கீறிவிட்டு, புதுக் கயிறு கட்டினால் போதும்.

எனக்கு வேலை செய்த ஒப்பந்தக்காரர், "மரம் போய்விட்டது, அலுமினியம் போடலாம்" என்றார். நம்பினேன். கீழ்க்கட்டையில் ஒரு சாண் நீளம்தான் இற்றிருந்தது. அதை மட்டும் வெட்டிப் புது மரம் இணைத்திருக்கலாம். அலுமினிய ஜன்னல் பழைய திறப்பைவிடக் குட்டை. மிச்ச இடத்தைப் பலகையால் ஒட்டுப்போட்டார்கள். மேல் சட்டத்தில் ஈயப் பட்டைக்குள் பதித்திருந்த வண்ணக் கண்ணாடியும் போயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, பழைய கட்டுமானப் பொருள் விற்கும் கிடங்குகளில் அலைந்து, அதே காலத்து ஜன்னல்களை வாங்கினேன். இரும்புக் குண்டுகளுக்குத் தனி விலை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

குளிர்காற்று நுழைகிறது என்பார்கள். சட்டம் உரசும் இடத்தில் பிரஷ் பட்டை பொருத்துங்கள், கனத்த திரை போடுங்கள்.

பிரெஸ்டன் ஜன்னல்களை அன்று மாலையே தொட்டியிலிருந்து இறக்கிவிட்டோம். ஒன்றில் கண்ணாடி உடைந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் கயிறு மட்டும்தான் தேவை.

சுவர்ப் பலகை இடுக்கை சிலிகோன் பசையால் அடைப்பது

ஒரு பலகை அடுத்ததன் மேல் படியும் இடுக்கு வேண்டுமென்றே விடப்பட்டது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேறுவது அவ்வழியாகத்தான். அடைத்தால் பலகை பின்புறமிருந்து இற்றுப்போகும்.

சுவரை முடித்தபின் அடிக்கட்டையை மாற்றுவது

வீட்டைத் தாங்கும் ரெட் கம் (ஒரு வகை யூகலிப்டஸ் மரம்) கட்டைகளை முதலில் பாருங்கள். அவற்றை மாற்ற வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது புதுப் பூச்சு வெடிக்கும், கதவுகள் இறுகும்.

வேறு காலத்து அலங்காரம்

1920களின் பங்களாவுக்கு அதற்கு முந்தைய விக்டோரியா மகாராணி காலத்து இரும்புச் சரிகை (சரிகை போல வார்த்த இரும்பு அலங்காரம்) வேண்டாம்.

பழைய பெயின்டை உலர்வாகத் தேய்ப்பது

1970க்கு முந்தைய வீடு என்றால் பெயின்டில் நச்சான ஈயம் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். நனைத்துத் தேயுங்கள்; குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.