‘முழு மனதுடன்’ என்று எழுதிவிட்டால் சம்மதம் ஆகிவிடுமா?

செட்டில்மென்ட், விடுதலை (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பது), தானம் என எந்தப் பத்திரத்தைப் பிரித்தாலும் ‘யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்’ என்ற வரி இருக்கும். பத்திர எழுத்தர் பழக்கத்தில் அடிக்கும் வரி அது. அதுவே சம்மதத்துக்குச் சாட்சி என்று நம்புவது முதல் தவறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 14-ஆம் பிரிவில், சம்மதம் எந்த வழியில் வந்தது என்று பார்க்கிறது. வலுக்கட்டாயம், தகாச் செல்வாக்கு, மோசடி, பொய்யான தகவல், பிழை ஆகியவற்றில் ஒன்றால் வந்திருந்தால் அது சுதந்திரமான சம்மதம் ஆகாது.

அடித்தால்தான் வலுக்கட்டாயம் என்று நினைப்பவர்கள் அதிகம். கையெழுத்து வாங்க ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பதும் 15-ஆம் பிரிவில் வரும். ‘செத்துவிடுவேன்’ என்று மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் ஒருவர் விடுதலைப் பத்திரம் வாங்கிய வழக்கில், அதுவும் வலுக்கட்டாயமே என்று சென்னை உயர்நீதிமன்றம் 1917-இல் தீர்ப்பளித்தது. ஆனால் பணமுடையில் குறைந்த விலைக்கு விற்றது தன்னளவில் வலுக்கட்டாயம் ஆகாது. விலை மிகக் குறைவு என்பதை, சம்மதம் சுதந்திரமானதா என்று ஆராயும்போது நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

குடும்பத்துக்குள் அதிகம் சிக்குவது தகாச் செல்வாக்கு. பராமரிக்கும் மகன் பெயருக்கு வயதான தாய் எழுதிக்கொடுத்தார் என்பது மட்டும் போதாது. அவருடைய மனத்தை ஆட்டுவிக்கும் நிலையில் மகன் இருந்ததையும், அதை வைத்து நியாயமற்ற ஆதாயம் அடைந்ததையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மகன் அந்த நிலையில் இருந்து, பரிமாற்றமும் பார்த்தாலே அநியாயமாகத் தெரிந்தால், தகாச் செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்கும் சுமை மகன் தலையில் விழும். எனவே பலன் பெறுபவரே வக்கீலை அமர்த்தி, தானே பத்திரத்தைப் படித்துக்காட்டி, பக்கத்திலேயே நிற்பது கெட்ட யோசனை. எழுதிக்கொடுப்பவர் தனக்கென ஒரு வக்கீலைத் தனியே கலந்துபேசட்டும்.

‘மிரட்டி வாங்கியது, தானாகவே செல்லாது’ என்று சும்மா இருப்பதுதான் விலை அதிகமான தவறு. பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யும்வரை அது செல்லும். ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, அதற்கான உண்மைகள் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் காலவரம்பு. அந்தப் பரிமாற்றத்தில் பெற்ற பலனைத் திருப்பித் தரவும் வேண்டியிருக்கும்.

மூத்த குடிமக்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், இன்னொரு வழி தருகிறது. பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் தீர்ப்பாயத்தில் ரத்து கோரலாம். ‘பெற்ற பிள்ளைதானே’ என்று அந்த நிபந்தனையை வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.